ஏழாவது பொய்

செயின்ட்-மிஷேல்,
மொன்றியல்.
14 ஜூலை 2009, செவ்வாய்க்கிழமை

இயேசு மரி சூசை துணை. இந்தக் கடிதத்துக்கு மூவருமே தேவைப்படுவார்கள்.

கல்கறிப் பட்டினத்தின் பனிமலைகளுக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்கும் அதிபதியும், பொறியியல் வித்தகரும், என் ஒரே தங்கை யோசெப்பினின் ஒரே மகனுமாகிய மருமகன் றெனோல்ட் அவர்களின் திருச்சமூகத்துக்கு, தாய்மாமன் அம்புறோஸ் எழுதிக்கொள்வது.

தாங்களும், தங்கள் மனைவி றொஷினியும், பதினொரு மாதக் குழந்தை மெலனியும், தங்களோடு வந்து தங்கியிருக்கும் என் தங்கையும் நலமாயிருக்க வேண்டுகிறேன். நான் சுகம். என் சுகத்துக்கு இப்போது முத்திரை குத்திய அத்தாட்சிப் பத்திரமே உண்டு. அது எப்படி வந்தது என்பதைப் பேந்து சொல்கிறேன்.

முதலில் ஒரு சத்தியம். இந்தக் கடிதத்தில் ஒருவரும் நம்பமாட்டாத கதையொன்று வரப்போகிறது. வலது கையை வேதப்புத்தகத்திலும் இடது கையைக் கொதிக்கிற கேத்திலிலும் வைத்துச் சொல்கிறேன், நம்பமாட்டார்கள். நீர்கொழும்பிலிருந்து நோர்வே வரை ஒரு கத்தோலிக்கனும் நம்பமாட்டான். தாங்கள் நம்பமாட்டீர்கள் என்பதில் எனக்குத் துளி கவலையும் இல்லை. அடியேனை நம்பாமலிருப்பதைத் தாங்கள் ஒரு தொழிலாகவே பயின்றுவிட்டீர்கள். அதுவும் இலக்கம் போட்டு, திகதி போட்டு.

ஓம், அது என் கையில் இருக்கிறது. மாமாவுக்கு மூளை பிசகிவிட்டது, அவருடைய மரண சாதனத்தை, அதாவது உயிலை, ஏற்கவேண்டாம் என்று, அதை எழுதிய என் நொத்தாரிஸுக்குத் தாங்கள் எழுதிய கடிதமும், அதற்கு ஆதாரமாக இணைத்த ஒன்பது கதைகளின் பட்டியலும் இந்தச் சாப்பாட்டு மேசையில் கிடக்கின்றன. காற்றில் பறக்காமல் சீனிப்போத்தலைத் தூக்கி மேலே வைத்திருக்கிறேன்.

அதற்கு முன் இங்கத்தைய புதினம். இந்தக் கோடையில் மொன்றியலில் வெயில் லீவு எடுத்துவிட்டது. மழைதான். பின்வளவில் நட்ட தக்காளி மழையைக் குடித்துக் குடித்து இரண்டாம் மாடித்தட்டு ஜன்னல் வரை வளர்ந்து, அங்கே குடியிருக்கும் ஹெயிட்டிக்காரப் பெண்மணியிடம் உப்புக் கேட்டதாம். அவர் வந்து முறைப்பாடு சொன்னார். வெளிப்பக்க இரும்புப் படிக்கட்டுக்குப் பச்சைப் பெயின்ற் அடித்தேன். முழங்கால் நோகிறது. கோயிலில் எல்லோரும் யோசெப்பின் எப்ப திரும்பி வாறா என்று கேட்கிறார்கள். பேரப்பிள்ளையின் பல் முளைத்த பிறகு வருவாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

சங்கதிக்கு வருகிறேன். போன மார்கழியில் ஒரு ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் தேத்தண்ணீரும் கட்லற்றும் கொடுத்தார்கள். நான் கட்லற்றுக்காகத்தான் போனேன். அங்கே இந்தப் பகுதிச் சமூக நிதியத்திலிருந்து மதாம் றோசலின் என்ற பிரெஞ்சுக்காரப் பெண் வந்து கதைத்தார். எனக்கு இருப்பது டோர்வல் விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்கி அடுக்கிப் பழகிய சமையலறைப் பிரெஞ்சு. ஆனால் அவர் சொன்னது அதற்கே விளங்கிற்று. தர்மம் செய்யக் கோடீஸ்வரனாக இருக்கத் தேவையில்லையாம். உயிரோடு இருக்கும்போதே, தனக்குப் பிறகு தன்னுடையது எங்கே போகவேண்டும் என்று ஒருவர் யோசித்து எழுதிவைக்கலாமாம். அதை நிதியம் கலைக்காமல் வைத்திருந்து, வருடாவருடம் அது ஈனுகிறதை மட்டும் எடுத்து, அவர் விரும்பிய காரியத்துக்கு அதே ஊரில் செலவழிக்குமாம்.

மண்டபத்தில் எல்லோரும் கட்லற்றைப் பார்த்தார்கள். நான் மட்டும் எழும்பி, மதாம், செத்த பிறகு எனக்கு மனம் மாறினால் யாரிடம் வந்து சொல்வது என்று கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சாகும் வரை எத்தனை தரமும் மாற்றலாம் மிஸ்யே, அதற்குப் பிறகு பொறுப்பு எங்களுடையது என்றார். அந்தச் சிரிப்பிலேயே நான் விழுந்துவிட்டேன். தங்களுக்குத் தெரியும், எனக்குப் பெண்சாதி பிள்ளை இல்லை. பேசாலையிலே பதினேழு பேரழகிகள் எனக்காக ஒரே நாளில் கன்னியாஸ்திரி மடத்தில் சேர்ந்தார்கள் என்பது தங்கள் பட்டியலில் மூன்றாவது.

மாசியில் நொத்தாரிஸ் ஐயாவிடம் போய் எழுதினேன். நான் கண்ணை மூடிய பிறகு இந்த மூன்று தட்டு வீட்டை விற்றுக் காசை நிதியத்தில் கட்டிவைப்பது. அந்த முதற்பணத்தில் ஒருவரும் கைவைக்கக் கூடாது. ஆண்டவரே நேரில் வந்தாலும் படிவம் நிரப்பவேண்டும். அதன் வருமானத்தில் செயின்ட்-மிஷேலிலும் நோத்ர-டாம்-த-கிரேஸிலும் உள்ள சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு சதமும் வாங்காமல் நீச்சல் பழக்குவது. வங்கியில் கிடப்பது தங்களுக்கும் மெலனிக்கும். அதையும் அதே பத்திரத்தில் எழுதியிருந்தேன். தாங்கள் அதைக் கேட்கவேயில்லை.

நிதிக்கு ஒரு பெயர் வைக்கவேண்டும் என்றார் மதாம். மன்னார் வளைகுடாவின் முடிசூடா வேந்தன் அம்புறோஸ் மகாநிதி என்றேன். படிவத்தில் இருக்கும் பெட்டிக்குள் அது அடங்காது என்றார். அப்படியென்றால் ஜூலை பதினாலு நிதி என்று போடுங்கள் என்றேன். பிரான்சு தேசத்தின் பெருநாளில் எனக்கு இவ்வளவு பக்தியா என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த தரம் போனபோது பிரான்சிலிருந்து வந்த பாலாடைக்கட்டி ஒரு துண்டு கட்டித் தந்தார். நான் மறுத்துச் சொல்லவில்லை. கட்டி நல்ல கட்டி.

உயிர்த்த ஞாயிறன்று, வாழ்த்துச் சொல்லத் தங்களுக்கு ஃபோன் எடுத்தபோது, இந்தச் சந்தோசத்தையும் சொன்னேன். ஒரு நாட்டைப் பிடித்தவனைப் போலத்தான் சொன்னேன். பேந்து, நல்லம் மாமா, நல்ல விசயம் என்றீர்கள்.

அடுத்த ஞாயிறு தாங்களே எடுத்தீர்கள். நத்தார்ப் பெருநாளுக்கும் என் பிறந்தநாளுக்கும் மட்டும் எடுக்கிற பிள்ளை, தொடர்ந்து ஐந்து ஞாயிறு எடுத்தான். மாமா, அந்த ஆட்டுக் கதையை இன்னொருக்கால் சொல்லுங்கோ, எனக்கு மறந்துபோச்சு என்றான். மாமா, அணிலுகள் செபமாலை சொன்னது எந்த வருசம் என்றான். மாமா, மெய்யாத்தான் நடந்ததோ என்றான். ஓம் மோனை, உன் தலையாணை நடந்தது என்றேன் நான்.

பார், தாங்கள் என்று தொடங்கி அவன் என்று போய்விட்டேன். மரியாதை எழுதி எழுதிக் கை உளைகிறது. இனி நீ என்றே எழுதுகிறேன்.

றெனோல்ட், அந்த ஐந்து ஞாயிறும் நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியாது. பூசை முடிந்ததும் தேத்தண்ணீருக்கு நிற்காமல் ஓடிவருவேன். எங்கள் அருமைராசா ஒருநாள் கோயில் வாசலில் மறித்து, அம்புறோஸ் அண்ணை, என்ன ஓட்டம், வீட்டிலை ஆரும் பொம்பிளை வந்து நிக்கிறாளோ என்று நக்கலடித்தான். போடா, என்ரை மருமோன் ஃபோன் எடுக்கிற நேரம், அவனுக்கு என்ரை கதை கேக்காட்டி நித்திரை வராது என்று பெருமையடித்தேன். வீட்டுக்கு வந்து சேட்டு மாற்றாமல் ஃபோனுக்குப் பக்கத்தில் குந்தியிருப்பேன். பழைய கதை உனக்குச் சலித்துவிடக் கூடாதே என்று சனிக்கிழமைகளில் ஒவ்வொன்றுக்கும் புதிதாக வாலும் கொம்பும் செய்து வைத்தேன். நீ இடையிடையே, ம், ம், சொல்லுங்கோ என்பாய். அதற்குப் பின்னால் டிக் டிக் என்று ஒரு சத்தம் கேட்கும். கல்கறியில் ஆலங்கட்டி மழையாக்கும் என்று நினைத்தேன். நீ தட்டச்சுச் செய்துகொண்டிருந்தாய்.

ஆனியில் நொத்தாரிஸ் ஐயா கூப்பிட்டார். நல்ல மனிசன், ஒல்லி, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு கதைப்பவர். எனக்கு எதிராக ஒரு கடிதம் வந்திருப்பதால் அதை எனக்கு மறைப்பது முறையல்ல என்றார். வாசிக்கத் தொடங்கினார். றெனோல்ட், நான் என் வாழ்க்கையில் எத்தனையோ சபைகளில் கதை சொல்லியிருக்கிறேன். என் கதையை ஒருவர் இவ்வளவு துக்கமாக வாசித்து நான் கேட்டதில்லை. இரண்டாவது: மேற்படி நபர் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை, தலையில் ஓர் ஆட்டைச் சுமந்தபடி நீந்தியதாகக் கூறுகிறார், ஆடு நனையவில்லை எனவும் வலியுறுத்துகிறார், ஏப்ரல் 19 அன்று தொலைபேசியில் மீண்டும் உறுதிப்படுத்தினார். நாலாவது: பின்ஒழுங்கையில் வாழும் அணில்களுக்குக் கத்தோலிக்க செபங்களைக் கற்பித்ததாகக் கூறுகிறார், ஏப்ரல் 26. ஐந்தாவது: தான் வைத்த மீன்குழம்பின் வாசத்துக்கு அத்திலாந்திக் நடுவிலிருந்து ஒரு விமானம் திரும்பி வந்ததாக நம்புகிறார், மே 3.

காரியதரிசிப் பெண் ஏதோ எடுக்கப் போவதுபோல அலுமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்கியது தெரிந்தது. வேறொரு நாளென்றால் நானும் சிரித்திருப்பேன். எனக்குத் திகதிதான் குத்தியது. ஏப்ரல் 19, 26, மே 3, 10, 17. ஒவ்வொரு ஞாயிறையும் நான் நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். நீயும் குறித்துத்தான் வைத்திருந்தாய்.

அந்த ஆடு எப்படிப் பிறந்தது என்று உனக்கு ஆர் சொல்லுவார்கள்? உன் அப்பா மன்னாரிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். நாங்கள் மூவரும் நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு அறையும் ஒரு குசினியுமாக இருந்தோம். அம்மா டோர்வலில் விமானம் கூட்டப் போய்விடுவாள். எனக்கு வேலை இல்லாத நேரமெல்லாம் நீ என்னிடம். நீ சோறு தின்னமாட்டாய். வாயை இறுக்கி மூடினால் பூட்டுத்தான். கதையில் ஆட்டைத் தலையில் ஏற்றினால் ஒரு வாய் வாங்குவாய். கடலில் இறங்கினால் இன்னொரு வாய். ஆடு நனையாமல் கரை சேர்ந்தால்தான் உன் கோப்பை காலியாகும். அந்த ஆட்டைப் பைத்தியத்துக்குச் சாட்சியாக நீ நொத்தாரிஸ் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு வருவாய் என்று எனக்குத் தெரிந்திருந்தால், அதைத் தனுஷ்கோடியிலேயே அவிழ்த்து விட்டிருப்பேன்.

மாமா, எனக்கு வீடு வேணும் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். இந்த வருடம் எண்ணெய்க் கொம்பனிகளில் ஆட்களை வேலையிலிருந்து நிற்பாட்டுகிறார்கள் என்று அம்மா சொன்னாள். உன் வீட்டுக் கடனும் எனக்குத் தெரியும். கேட்டிருந்தால் நான் தந்திருப்பேனோ இல்லையோ, இரண்டு நாள் சத்தம் போட்டுச் சண்டை பிடித்திருப்பேன். மூன்றாம் நாள் யோசித்திருப்பேன். நீ கேட்கவில்லை. மாமாவின் நன்மைக்காகவே இதை எழுதுகிறேன் என்று முடித்திருக்கிறாய். ஒன்பதையும் விட அந்த வரிதான் என் கதைகளுக்குக் கிட்ட வருகிறது. உனக்கும் கை இருக்கிறது, மோனை.

நொத்தாரிஸ் ஐயா இரண்டு காரியம் கேட்டார். ஒன்று, வைத்தியரிடம் ஒரு பத்திரம். அந்த டொக்டர் பெண் நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னாள். சைபருக்குக் கீழேயும் போய்க்கொண்டிருந்தேன், போதும் என்று கையைப் பிடித்தாள். மணிக்கூடு ஒன்றைப் படமாகக் கீறச் சொன்னாள். டோர்வல் விமான நிலைய மணிக்கூட்டை அப்படியே கீறி, அதற்குக் கீழே பிளேனைத் தவறவிட்ட ஒரு குடும்பத்தையும், மூன்று பெட்டியையும், அழுகிற பிள்ளையையும் கீறிக் கொடுத்தேன். சுத்தமான மூளை என்று எழுதித் தந்தாள். அதுதான் முதலில் சொன்ன முத்திரை.

இரண்டாவதுதான் கடினம். இந்த ஒன்பதும் விளையாட்டுக்குச் சொன்னவை, எதுவும் நடந்ததல்ல, நடந்ததாக நான் நம்பவும் இல்லை என்று அவருக்கு முன்னால் சொல்லிக் கையெழுத்து வைக்கவேண்டும். அப்படி ஒன்று பத்திரக் கோவையில் இருந்தால், நாளைக்கு நான் போன பிறகு ஆரும் வந்து இந்தக் கொடையைக் குழப்ப முடியாது என்றார்.

போன வியாழக்கிழமை போனேன். பூசைக்குப் போடுகிற கோட்டுப் போட்டுக்கொண்டு போனேன். மதாம் றோசலினும் வந்து மூலையில் இருந்தார். அறுபத்தொன்பது வருடம் கட்டின சாம்ராச்சியத்தை ஒவ்வொரு கல்லாகக் கழற்றிக் கொடுக்கிற வேலை. நொத்தாரிஸ் ஐயா ஒவ்வொன்றாக வாசிக்க, நான் பொய், பொய் என்று சொல்லிக்கொண்டு போனேன். ஆடு பொய். பதினேழு அழகிகளும் பொய், ஒருத்தி இருந்தாள், அவள் மடத்துக்குப் போகவில்லை, தபாற்கந்தோர்க்காரனைக் கட்டினாள். அணில் பொய். மீன்குழம்பு நல்ல குழம்பு, ஆனால் விமானம் பொய். கடற்படைக் கப்பலை வாயால் ஊதித் திருப்பினது பொய்.

ஏழாவது வந்தது. மேற்படி நபர், மொன்றியலில் வெள்ளம் வந்தபோது, டெக்காரி பெருந்தெருவை ஒரு குழந்தையைச் சுமந்தபடி நீந்திக் கடந்ததாகவும், ஒரு திமிங்கிலம் தம்மைச் சுமந்து உதவியதாகவும், தமது காரை அது விழுங்கிவிட்டதாகவும் கூறுகிறார், மே 17.

நான் மெல்ல, ஐயா, இதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எட்டுக்கும் கையெழுத்து வைக்கட்டா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். மிஸ்யே அம்புறோஸ், இது நடந்தது என்று சொல்கிறீர்களா என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, இரங்கித்தான் கேட்டார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. நடந்தது என்றால் நான் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவேண்டி வரும், சாட்சி யாராவது உண்டா என்றார்.

சாட்சி ஒருவர்தான் ஐயா, அவர்தான் உங்களுக்கு இந்தக் கடிதத்தை எழுதியவர் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். மூலையில் மதாம் றோசலின் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளைகளின் நீச்சல் எல்லாம் அந்த ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டு நின்றது. பொய் என்று சொன்னேன். எட்டும் ஒன்பதும் வாசித்தார், பொய், பொய். கையெழுத்து வைத்தேன்.

இனி ஒருவரும் அதைக் குழப்ப ஏலாது. வீடு பிள்ளைகளுக்குத்தான். வங்கியில் கிடப்பது உனக்குத்தான், அதை நான் மாற்றவில்லை. நொத்தாரிஸ் ஐயா மாற்றுவதா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். அதை மன்னிப்பு என்று எண்ணிவிடாதே. மன்னித்துவிட்டேன் என்று எழுத இரண்டு தரம் பேனை எடுத்தேன். பொய் சொல்வதில் எனக்கு ஈடு இல்லை என்றாலும் அந்தப் பொய் மட்டும் இன்னும் வருகுதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து இப்போது கடைசி ஆளாகத்தான் வீட்டுக்கு வாறன்.

இனிமேல் எழுதுவதை அம்மாவுக்குக் காட்டாதே. இது என் கெஞ்சல். அவள் விமானம் பிடித்து வந்து என் காதைத் திருகுவாள். அந்தக் காதில் ஏற்கெனவே ஒருவருடைய பிடி இருக்கிறது.

எண்பத்தேழாம் ஆண்டு ஜூலை பதினாலு. அன்றைக்கும் செவ்வாய்க்கிழமை. உனக்கு நாலரை வயது, இருமல். பிள்ளையை வெளியே கொண்டுபோகாதையுங்கோ அண்ணை, லைசென்ஸ் எடுக்கும் மட்டும் அந்தக் காரிலையும் தொடாதையுங்கோ என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா வேலைக்குப் போனாள். நான் இரண்டையும் செய்தேன். புதிதாக வாங்கின பழைய சிவப்புக் காரில் உன்னை ராசாவைப் போல இருத்தி ஊர் காட்டக் கொண்டுபோனேன். நிலமட்டத்துக்குக் கீழே ஓடுகிற டெக்காரி பெருந்தெருவின் பள்ளத்துக்குள் இறங்கும்போது மழை பிடித்தது. அப்படி ஒரு மழையைப் பற்றி நான் ஒருநாளும் கூட்டிச் சொன்னதில்லை, கூட்ட இடமில்லை. கார் நின்றுவிட்டது. கால்மாட்டில் தண்ணீர், பிறகு இருக்கையில் தண்ணீர். கதவு திறபடவில்லை. உன்னை ஜன்னலால் காரின் கூரையில் ஏற்றி, நானும் ஏறி, உன்னைத் தோளில் இருத்திக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது.

எனக்கு நீந்தத் தெரியாது, றெனோல்ட். மன்னார்க் கடற்கரையில் பிறந்தவனுக்கு நீந்தத் தெரியாது. வள்ளம் கடலின் மேலே போகத்தான், உள்ளே போக அல்ல என்பது என் அப்பாவின் கட்சி, எங்களை அவர் பழக்கவில்லை. மேலே ஏறுகிற பாதைக்கு ஐம்பது யார் தூரம் இருக்கும். ஒவ்வொரு அடிக்கும் காலால் தடவித் தடவி நடந்தேன். எனக்கும் தெரியாது, தோளில் இருக்கிறவனுக்கும் தெரியாது என்பதைத் தவிர வேறொன்றும் அந்தத் தூரம் முழுக்க என் தலையில் இல்லை. நீ கீழே பார்த்துக் குழறி அழுதாய். அப்போதுதான் சொன்னேன், மோனை, எங்களைத் திமிங்கிலம் ஒண்டு தூக்கிக்கொண்டு போகுது, அதின்ரை கடிவாளம் என்ரை காதுதான், விடாமல் பிடி என்று. நீ குழறுவதை நிற்பாட்டிவிட்டு இரண்டு காதையும் பிடித்தாய். மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெரிய மனிசன் குனிந்து உன்னைத்தான் முதலில் வாங்கினான். உன் கையை என் காதிலிருந்து எடுக்க அவனுக்குச் சரியான பாடு.

அம்மாவுக்குக் கார் களவு போய்விட்டது என்று சொன்னேன். தொலைந்த பொருள் கிடைக்க அந்தோனியாரிடம் கேட்பது எங்கள் வழக்கம் அல்லவா, இன்று வரை செவ்வாய்க்கிழமை தோறும் அந்தக் காருக்காக மெழுகுதிரி கொளுத்துகிறாள். இன்றைக்கும் கொளுத்தியிருப்பாள். உள்ளதைச் சொல்லப் பயந்து, அதற்கு வாலும் கொம்பும் வைத்து, ஒருவரும் நம்பாதபடி வளர்த்துவிட்டேன். பத்து வயது வரை நீ தலைக்குத் தண்ணீர் வார்க்க விடமாட்டாய். பள்ளிக்கூடத்தில் நீச்சலுக்குக் கொண்டுபோகிற நாளில் உனக்கு வயிற்றுக்குத்து வரும். இவனுக்கு என்ன பயம் என்று அம்மா பங்குச் சுவாமியிடம் கூட்டிப்போனாள். நான் குசினிக்குள் போய் நின்றேன். வீடு ஏன் நீச்சலுக்குப் போகிறது என்று நீ நொத்தாரிஸிடம் கேட்டிருந்தாய். என்னிடம் கேட்டிருக்கலாம்.

மெலனி நடக்கத் தொடங்கியதும் அவளைத் தண்ணீருக்குப் பழக்கு. நீயும் கூட இறங்கு. அவளுக்குச் சோறு ஊட்டும்போது கதை வேண்டுமென்றால் என்னுடையதில் எதையும் எடுத்துக்கொள், இலக்கம் போட்டுத்தானே வைத்திருக்கிறாய். ஆண்டவர் உங்கள் எல்லோரையும் நனையாமல் கரை சேர்க்கட்டும்.

ஒன்பதும் பொய் என்று சத்தியம் பண்ணியிருக்கிறேன், அது சட்டத்துக்கு. உனக்கு மட்டும் சொல்கிறேன். ஏழாவதில் நீந்தினது பொய், திமிங்கிலம் பொய், அது காரை விழுங்கினதும் பொய். நீ என் தோளில் இருந்தாய். அது நடந்தது.

இப்படிக்கு,
உன் மாமா,
அம்புறோஸ்